பழைய ட்யூப் ஆம்ப் வாங்கும் முன்: எதை, எந்த வரிசையில் பார்ப்பது? முழுமையான வழிகாட்டி

பழைய ட்யூப் ஆம்ப்ளிஃபையர் வாங்குவதில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: நீங்கள் காசு கொடுப்பது டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு, மேலே மினுங்கும் ட்யூப்களுக்கு இல்லை. ட்யூப் தேயும், மாற்றிக்கொள்ளலாம். கெப்பாசிட்டர் காய்ந்துபோகும், அதையும் மாற்றலாம். ரெசிஸ்டர், சாக்கெட், வால்யூம் கண்ட்ரோல், மெயின் வயர் எல்லாமே அப்படித்தான். ஆனால் ட்யூபின் சிக்னலை ஸ்பீக்கருக்கு ஏற்றதாக மாற்றித் தரும், அந்த மாடலுக்கென்றே சுற்றிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டால் அதே மாதிரி இன்னொன்று தேடி அலைய வேண்டும், பல மாடல்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது, கிடைத்தாலும் ஆம்பின் விலையில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். கீழே சொல்வதில் பெரும்பகுதி இந்த இரும்பு, அதாவது டிரான்ஸ்ஃபார்மர், நன்றாக இருக்கிறதா, இனிமேலும் நன்றாக இருக்குமா என்று தெரிந்துகொள்வதற்குத்தான்.

1. ஆம்பைத் தேடும் முன் உங்கள் ஸ்பீக்கரைப் பாருங்கள்

பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான ஆம்பைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அப்புறம் ஸ்பீக்கரோடு ஒத்துப்போகவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கமோ அதன் கையேட்டிலோ சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும்: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்பது. 3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும், 10 டெசிபெல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு. 96 டெசிபெல் ஸ்பீக்கரில் 8 வாட் ஆம்ப் 105 டெசிபெல் வரை கொண்டுபோகும், வீட்டு அறைக்கு அது தாராளம். அதே 105 டெசிபெல்லை 86 டெசிபெல் ஸ்பீக்கரில் எட்ட 80 வாட் வேண்டும்.

இப்போது ட்யூப்கள் தரும் வாட்டைப் பாருங்கள். 2ஏ3 ஒற்றை ட்யூபாக, சிங்கிள் எண்டட் முறையில், சுமார் 3.5 வாட். 300பி அதே முறையில் சுமார் 8 வாட். இஎல்84 ஜோடி, இரண்டு ட்யூப்கள் மாறிமாறி வேலை செய்யும் புஷ்-புல் முறையில், 10 முதல் 17 வாட் வரை. இஎல்34 ஜோடி 35 வாட் பக்கம். கேடி88 அல்லது 6550 ஜோடி 50 வாட்டுக்கு மேலேயும் போகும், மெக்கின்டாஷ் எம்சி275 ஒரு சேனலுக்கு இரண்டு கேடி88 வைத்து 75 வாட் எடுக்கிறது. 85, 87 டெசிபெல் உள்ள சின்ன புத்தக அலமாரி ஸ்பீக்கர் வைத்திருப்பவர் 300பி ஆம்பை எவ்வளவு நல்ல விலைக்குக் கிடைத்தாலும் விட்டுவிடுவது நல்லது. இஎல்34 அல்லது கேடி88 புஷ்-புல் பக்கம் போங்கள்.

இம்பீடன்ஸையும், அதாவது ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பையும், கவனிக்க வேண்டும். 8 ஓம் என்று எழுதியிருக்கும் சில ஸ்பீக்கர்கள் பாஸ் பகுதியில் 3 ஓம் வரை இறங்கும். ட்யூப் ஆம்புக்கு இது பிடிக்காது. அதிலும் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே கொடுத்துத் திருத்தும் முறை) இல்லாத சிங்கிள் எண்டட் ஆம்புகளின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்குகிற மாதிரியே ஒலியின் சமநிலையும் ஏறி இறங்கும். ஆம்பின் பின்னால் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி டெர்மினல்கள் இருந்தால் அது ஒரு வசதி, வீட்டில் ஒவ்வொன்றிலும் கேட்டுப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

2. ஐம்பது, அறுபதுகளில் வந்ததா, சமீபத்தில் வந்ததா?

இரண்டும் வேறு வேறு உலகம். ஐம்பது, அறுபதுகளின் ஆம்பில் டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலும் அருமையாக இருக்கும், மற்ற பாகங்கள் ஆயுள் முடிந்தவையாக இருக்கும். கடந்த இருபது, இருபத்தைந்து வருடங்களில் வந்தவற்றில் பாகங்கள் இளமையாக இருக்கும், ஆனால் பிரிண்டட் போர்டும், அந்த நிறுவனமே தயாரித்த பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் ட்யூபில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிப்பது) கட்டுப்பாட்டு சர்க்யூட்டும் இருக்கலாம், நிறுவனம் மூடிவிட்டால் சர்க்யூட் படம்கூடக் கிடைக்காமல் போகலாம். எதுவானாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதன் சர்க்யூட் படம் கிடைக்கிறதா? இதற்கு மாற்று டிரான்ஸ்ஃபார்மர் யாராவது செய்கிறார்களா? இதில் இருக்கும் ட்யூப்கள் இன்றும் தயாராகின்றனவா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தைரியமாக முன்னே போகலாம். இரண்டுக்கு இல்லை என்றால், முதல் ட்யூப் ஆம்ப் வாங்குபவர் அதைத் தொட வேண்டாம்.

உதாரணத்துக்கு டைனகோ ஸ்டீரியோ 70. 1959-இல் வந்தது, சேனலுக்கு ஒரு ஜோடி இஎல்34, 35 வாட். கிட்டாகவும் விற்றதால் வீட்டில் உட்கார்ந்து சால்டரிங் செய்தவர்கள் ஏராளம். அதனாலேயே ஒவ்வொன்றின் உள்வேலையும் ஒவ்வொரு தரத்தில் இருக்கும், அடிப்பக்கம் பார்க்காமல் வாங்கக்கூடாது. ஆனால் இதற்குப் புதிய டிரான்ஸ்ஃபார்மர் முதல் ஸ்க்ரூ வரை எல்லாமே இன்றும் கிடைக்கிறது. இதில் பெரிய ட்யூப்களுக்கு சிக்னல் கொடுக்கும் 7199 டிரைவர் ட்யூப் அரிதாகிவிட்டது, அதற்கும் எளிதாகக் கிடைக்கும் ட்யூப்களைப் பயன்படுத்தும் மாற்று போர்டுகள் வந்துவிட்டன. பழசில் ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது என்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. 1953-இல் வந்த குவாட் 2 அழகான பொருள், ஆனால் ஒவ்வொன்றும் மோனோ, சுமார் 15 வாட், ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். ஒன்று மட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, ஜோடிக்குக் காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும்.

3. ட்யூபின் மேல் அச்சிட்ட பெயருக்கு மயங்காதீர்கள்

விற்பவர் "முல்லார்ட் ட்யூப் போட்டிருக்கிறது" என்று சொல்லி விலையை ஏற்றுவார். முல்லார்ட், டங்-சோல் போன்ற பழைய பெயர்களை இன்று ரஷ்யாவின் சராட்டோவ் நகரத் தொழிற்சாலையில் தயாராகும் ட்யூப்களிலும் அச்சிடுகிறார்கள். அவை மோசமானவை என்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் ட்யூபின் விலை அவற்றுக்குக் கிடையாது. பழைய ட்யூபின் எழுத்தை அழித்துவிட்டு வேறு பெயர் அச்சிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 12ஏஎக்ஸ்7, இஎல்34, இஎல்84, கேடி88, 6எல்6, 300பி, 6எஸ்என்7 எல்லாம் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய இடங்களில் புதிதாகவே தயாராகின்றன, அதனால் இந்த ட்யூப்கள் உள்ள ஆம்பில் "அரிய ட்யூப்" கதைக்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை.

ஒரே ட்யூபுக்கு இரண்டு பெயர் இருப்பதும் குழப்பும். இசிசி83 என்பதும் 12ஏஎக்ஸ்7 என்பதும் ஒன்றே. இஎல்84-க்கு 6பிக்யூ5, ஜிஇசட்34-க்கு 5ஏஆர்4.

ஸ்பீக்கருக்கான வாட்டைத் தரும் அவுட்புட் ட்யூப்கள் சாதாரணமாக 2000 முதல் 5000 மணி நேரம் வரை ஓடும், சின்ன ட்யூப்கள் 10,000 மணி நேரத்தையும் தாண்டும். விற்பவர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்ல முடியாவிட்டால், அவுட்புட் ட்யூப்கள் முடிந்துவிட்டன என்றே வைத்துக்கொண்டு ஒரு முழு செட்டின் விலையை மனதுக்குள் கழித்துக்கொள்ளுங்கள்.

4. நேரில் போகும் முன் கேட்க வேண்டியவை

கடைசியாக எப்போது தினசரி பயன்பாட்டில் இருந்தது, எந்தெந்தக் கெப்பாசிட்டர் மாற்றப்பட்டது, மாற்றியது யார், ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். அடிப்பக்க மூடியைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். இதைத் தர மறுப்பவரிடம் எனக்கு ஆர்வம் போய்விடும்.

"பரணில் பல வருடம் கிடந்தது, நேற்று எடுத்துப் பிளக்கில் போட்டேன், எல்லா ட்யூபும் எரிகிறது" என்று சொன்னால் உடனே இனிமேல் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ட்யூப் எரிவது என்பது ஃபிலமென்ட் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். நீண்ட காலம் சும்மா கிடந்த எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குத் திடீரென்று முழு மின்னழுத்தம் கொடுத்தால் அது ஷார்ட் ஆகி, பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட இழுத்துக்கொண்டு போகலாம். அப்படிக் கிடந்ததை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்து மெதுவாக ஏற்றியோ, மெயின் லைனில் ஒரு குண்டு பல்பைத் தொடராகப் போட்டோ, விவரம் தெரிந்த டெக்னீஷியன் எழுப்ப வேண்டும். அப்படிப்பட்ட ஆம்பை வாங்கலாம், தப்பில்லை, ஆனால் "வேலை செய்கிறது" என்ற விலைக்கு வாங்கக்கூடாது.

மின்னழுத்தம் எவ்வளவு என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஜப்பானுக்காகச் செய்தது 100 வோல்ட், அமெரிக்கப் பழைய ஆம்புகள் பல 117 வோல்ட்டுக்குச் செய்தவை, வேறு பல நாடுகளுக்கு 220 முதல் 240 வரை. 100 வோல்ட் ஆம்பை 120 வோல்ட்டில் போட்டால் ஃபிலமென்ட் முதல் பிளேட் வரை எல்லாமே 20 சதவீதம் அதிகமாக வாங்கும், ட்யூப் ஆயுள் குறையும், டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதாக இருந்தால் ஆம்ப் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக வாங்குங்கள். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்டுச் சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் அதிகமாகச் சூடாகும், ஸ்டெப்-டவுன் போட்டாலும் இது மாறாது. பெயர்ப் பலகையில் 50/60 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

5. கரண்ட் கொடுக்காமல் பார்ப்பது

முதலில் ஒரு எச்சரிக்கை, இதில் சமரசமே கிடையாது. ட்யூப் ஆம்பின் உள்ளே 300 முதல் 500 வோல்ட் டிசி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். உயிரை எடுக்கும் அளவு அது. அடிப்பக்கத்தைக் கண்ணால் மட்டும் பாருங்கள், விரலோ ஸ்க்ரூ டிரைவரோ உள்ளே போகக்கூடாது.

ஆம்ப் ஆறிய நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீங்கள் போகும்போது அது ஏற்கெனவே சூடாகிப் பாடிக்கொண்டிருந்தால், தொடங்கும்போது வரும் கோளாறுகள் மறைந்துவிடும்.

டார்ச்சை எடுத்து முதலில் டிரான்ஸ்ஃபார்மர்களைச் சுற்றிப் பாருங்கள். அடியில் கறுப்புத் தாரோ மெழுகோ வழிந்து உறைந்திருக்கிறதா? பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா? மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் முகருங்கள், எரிந்த வார்னிஷ் வாசனை ஒருமுறை வந்தால் வருடக்கணக்கில் போகாது. தகடுகளில் மேலோட்டமான துரு இருந்தால் பரவாயில்லை. மூன்று டிரான்ஸ்ஃபார்மரும் (பவர் ஒன்று, சேனலுக்கு ஒன்றாக அவுட்புட் இரண்டு) ஒரே காலத்தவைதானா, ஒன்று மட்டும் புதுப் பெயின்டோடு அளவு மாறித் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஃபியூஸ். இதைப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும், ஆனால் ஆம்பின் மொத்தக் கதையையும் சொல்லிவிடும். பின்பக்கத்தில் 3 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், ஹோல்டரைத் திருகி எடுத்தால் உள்ளே 8 ஆம்பியர் இருக்கும், அல்லது வெள்ளித்தாள் சுற்றியிருக்கும். அப்படியென்றால் சரியான ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது, ஏனென்று தேடாமல் பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டியிருக்கிறார்கள், அந்த மிகை மின்னோட்டம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போயிருக்கிறது. நான் அந்த இடத்திலேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவேன்.

ட்யூப்களின் உச்சியில், சிலவற்றில் பக்கவாட்டில், கண்ணாடி போல வெள்ளிப் பூச்சு இருக்கும், அதுதான் கெட்டர். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, ட்யூப் செத்துவிட்டது. அடிப்பக்கத்தில் அவுட்புட் சாக்கெட் அருகே கருகிய ரெசிஸ்டர், பழுப்பேறிய போர்டு, உப்பிய அல்லது ஒழுகிய கெப்பாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். இரண்டு பின் மட்டும் உள்ள பழைய மெயின் வயர் இருந்தால், எர்த் உள்ள மூன்று பின் வயராக மாற்றும் வேலையைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. கரண்ட் கொடுத்துக் கேட்பது

கையில் கொண்டுபோக வேண்டியவை: பலியானாலும் பரவாயில்லை என்று நினைக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர், நன்றாகப் பழகிய பாட்டுகள் உள்ள ஃபோனும் அதற்கான வயரும், டார்ச், மல்டிமீட்டர், ஒரு பென்சில்.

ஸ்பீக்கரை மாட்டிய பிறகே ஆன் செய்ய வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி உள்ளே இன்சுலேஷன் பொத்துக்கொள்ளலாம். "முன்னாடி ஸ்பீக்கர் மாட்டாமலே ஆன் பண்ணிப் பார்த்தேன்" என்று விற்பவர் சாதாரணமாகச் சொல்வார், அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன் செய்ததும் முதல் சில நிமிடம் பாட்டு வேண்டாம், அறை விளக்கை அணைத்துவிட்டு அவுட்புட் ட்யூப்களை மட்டும் பாருங்கள். நடுவில் ஆரஞ்சு வெளிச்சம் இயல்பு. கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டினாற்போல நீல ஒளி தெரிந்தால் அதுவும் இயல்புதான், பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளே நிற்கும் சாம்பல் நிறத் தகடு, அதாவது பிளேட், மெல்லச் சிவக்கத் தொடங்கினால் உடனே அணையுங்கள்.

பிளேட் சிவப்பதற்கு ட்யூப் காரணமாக இருக்கலாம், பயாஸ் போயிருக்கலாம், அல்லது முந்தைய ஸ்டேஜிலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசியலாம். கசிந்தால் ட்யூபின் கிரிட்டுக்குத் தேவையில்லாத டிசி போய், ட்யூப் கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டம் இழுக்கும், அந்த மின்னோட்டம் ஓடுவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக. அணைத்து, ஆறவிட்டு, அந்த ட்யூபையும் பக்கத்து ட்யூபையும் இடம் மாற்றிச் சிறிது நேரம் மட்டும் போட்டுப் பாருங்கள். கோளாறு ட்யூபோடு சேர்ந்து நகர்ந்தால் ட்யூபில்தான் பிரச்சினை, நிம்மதி. அதே சாக்கெட்டிலேயே நின்றால் சர்க்யூட்டில் பிரச்சினை, விலை குறைய வேண்டும். இவ்வளவு நாள் இப்படியே ஓடியதா என்பதையும் கேட்க வேண்டும்.

எல்லாம் அமைதியாக இருந்தால் வால்யூமை முழுக்கக் குறைத்து ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேளுங்கள். காதை ஒட்டி வைத்தால் லேசான ஹம் கேட்பது பெரும்பாலான ட்யூப் ஆம்புகளில் உண்டு. உட்கார்ந்து கேட்கும் இடத்திலும் கேட்டால் அது கோளாறு. கரகரவென்று சற்று உயர்ந்த ஸ்தாயியில் வந்தால், அதாவது மெயின் அதிர்வெண்ணின் இரண்டு மடங்கில், உள்ளே போகும் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் களைத்துவிட்டன என்று சந்தேகிக்கலாம். ஆழமான மெல்லிய ஹம் என்றால் எர்த் வயரிங், ஃபிலமென்ட் வயரிங், ட்யூப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஃபோனைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள், ஹம் போய்விட்டால் ஆம்பின் மேல் பழி இல்லை.

இனி பாட்டு. ஒவ்வொரு இன்புட்டையும், ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டுப் பாருங்கள். பென்சிலின் அழிப்பான் முனையால் சின்ன ட்யூப்களை மெல்லத் தட்டுங்கள், ஸ்பீக்கரில் மணி போல ஒலித்தால் அந்த ட்யூப் மைக்ரோஃபோனிக், மாற்ற வேண்டும், மலிவான விஷயம். வால்யூமைத் திருகும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும்.

இந்தக் கட்டத்தில் அவசரப்படாமல் செய்ய வேண்டியது இரண்டு சேனலையும் ஒப்பிடுவது. மோனோ பதிவு ஒன்றைப் போட்டு இடதும் வலதும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு பக்கம் பாஸ் மெலிந்தோ, கொஞ்சம் சத்தம் வைத்ததுமே உடைந்தோ கேட்டால் அந்தப் பக்கத்து ட்யூப்களை எல்லாம் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள், ஸ்பீக்கர் வயரையும் மாற்றிப் பாருங்கள். என்ன மாற்றினாலும் அதே சேனலில்தான் கோளாறு என்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சந்தேகப் பட்டியலில் முதலில் வருகிறது. டெக்னீஷியன் ஒருவர் கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு பிரைமரியின், அதாவது டிரான்ஸ்ஃபார்மரில் ட்யூப் பக்கத்துச் சுற்றின், இரண்டு பாதிகளையும் ஓம் மீட்டரில் அளக்கலாம், இரண்டுக்கும் சிறிது வித்தியாசம் இயல்பு, ஒரு பாதி திறந்துகிடந்தால் முடிந்தது கதை. உள்ளே சுற்றுகள் ஷார்ட் ஆகியிருந்தால் ஓம் மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது, அதனால்தான் காதால் ஒப்பிடுவதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

பயாஸ் அளக்க வெளியிலேயே டெஸ்ட் பாயின்ட் இருந்தால் மல்டிமீட்டரில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். ஸ்டீரியோ 70-இல் ஒவ்வொரு சேனலுக்கும் 1.56 வோல்ட் வர வேண்டும், முன்பக்கத்து சாக்கெட்டிலேயே அளக்கலாம். மற்ற மாடல்களுக்கு அதன் கையேட்டில் இருக்கும். தானியங்கி பயாஸ் அல்லது கேத்தோடு பயாஸ் ஆம்புகளில் திருகிச் சரிசெய்ய எதுவும் இருக்காது, சோம்பேறிகளுக்கு அது பெரிய வரம்.

ஒரு மணி நேரமாவது ஓடட்டும். பல கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். முடிவில் டிரான்ஸ்ஃபார்மர்களின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்: பவர் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகச் சுடும், அது சகஜம், ஆனால் அவுட்புட் இரண்டும் அதைவிடக் குளிர்ச்சியாகவும் ஒன்றுக்கொன்று சமமாகவும் இருக்க வேண்டும்.

7. விலை பேசுவதும் வீட்டுக்குக் கொண்டுவருவதும்

கேட்கும் விலையோடு அவுட்புட் ட்யூப் ஒரு செட், ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், கப்ளிங் கெப்பாசிட்டர்கள், கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஏற்கெனவே நல்ல கைகளில் முழுக்கச் சரிசெய்து விற்கும் அதே மாடலின் விலையை இந்தக் கூட்டுத்தொகை தாண்டினால், சரிசெய்ததையே வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்து மற்றதெல்லாம் பழசாக இருந்தால் தயங்காமல் பேரம் பேசி வாங்குங்கள், அதுதான் நல்ல சரக்கு. பளபளவென்று புது ட்யூபும் சந்தேகமான டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தால் வேண்டாம்.

கொண்டுவரும்போது ட்யூப்களை எல்லாம் கழற்றி, எது எந்த சாக்கெட் என்று ஒட்டுச்சீட்டில் எழுதி, தனித்தனியாகச் சுற்றி வேறு பெட்டியில் வையுங்கள். எம்சி275 மாதிரி ஆம்புகள் 30 கிலோ பக்கம் இருக்கும், அந்த எடையில் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபார்மர்களில்தான், ஒரு பக்கமாகவே சாயும், கீழே விழுந்தால் சேசிஸ் வளைந்துவிடும். இரண்டு பேர் தூக்குங்கள். கூரியரில் அனுப்பச் சொன்னால் பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் நல்ல ஸ்பீக்கரில் மாட்டிவிடாதீர்கள். முதலில் டெக்னீஷியனிடம் கொடுத்து எலக்ட்ரோலைட்டிக்குகளையும் கப்ளிங் கெப்பாசிட்டர்களையும் சோதித்து மாற்ற வேண்டியதை மாற்றி, மெயின் வயரையும் ஃபியூஸையும் சரியானதாக்கி, பயாஸ் வைத்து வாங்குங்கள். நாலு பக்கமும் காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள், மூடிய அலமாரிக்குள் வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் ட்யூப்களுக்கு மேல் கம்பிக் கூண்டு கட்டாயம். புது அவுட்புட் ட்யூப் போட்டிருந்தால் சில வாரம் கழித்து பயாஸை மறுபடி பாருங்கள், புது ட்யூப்களில் அது கொஞ்சம் நகரும். ஒவ்வொரு முறை அளந்த எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள், எந்த ட்யூப் சோர்ந்துபோகிறது என்று அந்தத் தாளைப் பார்த்தே தெரிந்துவிடும்.